'பாத்துக்கிடலாம்' முதல் 'பாத்து வச்சிருக்கேன்' வரை: முன்கை எடுத்து வாழ்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் எங்கள் குடும்பம் நடத்தும் லாரி புக்கிங் ஆபீசில் 17 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி, சுந்தரபாண்டியபுரம் பக்கத்துப் பூ, வைக்கோல் எல்லாம் எங்கள் வழியாகத்தான் புளியரை தாண்டிப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகின்றன. வாரம் ஒரு சாயங்காலம் மகளிர் குழுப் பெண்களோடு உட்கார்ந்து வீட்டுக் கணக்கும் சேமிப்பும் பேசுவோம். அந்தப் பேச்சு எப்படியோ இந்த விஷயத்தில்தான் வந்து நிற்கும். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முன்கை எடுத்து வாழ்வது என்றால் என்ன?

எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும் சொல் 'பாத்துக்கிடலாம்'. கேஸ் தீரப் போகுதா? பாத்துக்கிடலாம். டயர் தேய்ஞ்சிருக்கா? இந்த ஒரு லோடு போயிட்டு வரட்டும், பாத்துக்கிடலாம். இதே வாய் 'பாத்து வச்சிருக்கேன்' என்று சொல்லப் பழகுவதைத்தான் முன்கை எடுப்பது என்கிறேன். வேலை பெரும்பாலும் அதே வேலைதான். அதை நெருக்கடி நேரத்திலிருந்து எடுத்து, கை ஓய்வாக இருக்கும் ஒரு நேரத்துக்கு நகர்த்தி வைக்கிறோம்.

என் அப்பா லாரி ஓட்டியவர். சின்ன வயதில் லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். புளியரையிலிருந்து எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலில் வண்டியை நிறுத்துவார். சூடம் ஏற்றிக் கும்பிட்டதும் சீட்டுக்கு அடியில் கிடக்கும் கட்டையை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். பின்பக்கம் டயர்கள் இரண்டிரண்டாக இருக்கும். உள் டயரில் காற்று இறங்கிப்போனால் வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். நல்ல டயர் 'டங்' என்று திருப்பிச் சொல்லும். காற்று இல்லாதது 'தொப்'பென்று அமுங்கும். ஒருமுறை அந்தத் 'தொப்' கேட்டதும் அப்பா கட்டையைக் கீழே வைத்துவிட்டு, 'நல்ல வேளை, இன்னும் மலை எறங்கலை' என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஒன்றரை மணி நேரம் டயர் மாற்றினார்கள். நான் கோயில் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன்.

இறங்கும்போது அவர் வைத்திருந்த விதி, 'ஏறுன கியர்லயே எறங்கணும்.' மேல் கியரில் விட்டுவிட்டு வழிநெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. பாரத்தோடு ஓடுகிற வண்டியில் அப்போது கியரைக் குறைக்கப் போனால் விழாது. ஆகவே கியரை மலை உச்சியிலேயே, வண்டி நிற்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இங்கிருந்து புனலூருக்குப் போகும் ரயிலும் இப்படித்தான். மலைப்பாதையில் வழுக்கிய பிறகு யாரும் உதவிக்கு ஓடிவருவதில்லை. கிளம்பும்போதே பின்னால் இன்னொரு இன்ஜினை மாட்டித்தான் அனுப்புகிறார்கள்.

இதற்கும் கவலைப்படுவதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ஏற்கெனவே ராத்திரி தூக்கம் வருவதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மூன்று பிள்ளைகளின் தாய். கொழுந்தனின் மனைவியோடு ஒரே வீட்டில் இருப்பவர். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கவலை ஒரே இடத்தில் சுற்றும், செக்குமாடு மாதிரி. முன்யோசனை ஒரு சுற்று வந்ததும் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். 'பையனுக்குக் காய்ச்சல் வந்துட்டா என்ன செய்ய' என்று இரவு இரண்டு மணிக்கு நினைப்பது கவலை. காலையில் எழுந்து வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, அதன் பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்ப்பது முன்யோசனை.

அதனால் தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். மனதில் ஓடும் பயத்தை ஒரு வரி எழுதுங்கள். அதற்குக் கீழே 'நாளைக்கு நான் செய்யக்கூடியது' என்று இன்னொரு வரி. இரண்டாவது வரிக்கு எழுத ஒன்றும் இல்லையென்றால், அந்த விஷயம் இப்போதைக்கு உங்கள் கையில் இல்லை. நோட்டை மூடிவிட்டுப் படுக்கலாம். அந்த அம்மா ஒரு மாதம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் ஒன்பது பயங்கள், அவற்றில் நான்குக்கு மட்டும் இரண்டாவது வரி. அந்த நாலும் அடித்துவிடப்பட்டிருந்தன. தூக்கம் முழுதாக வந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. 'கொஞ்சம் பரவாயில்ல அக்கா' என்றார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

எல்லாம் தலையெழுத்துப்படிதானே நடக்கும்? நாம் திட்டம் போட்டு என்ன ஆகப் போகிறது?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2018 ஆவணியை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

ஓணத்துக்கு அத்தப்பூக்களம் போடப் பத்து நாளும் கேரளத்தில் பூ வேண்டும். கேந்தி என்கிற செண்டுமல்லியும் வாடாமல்லியும் எங்கள் பக்கத்திலிருந்து மலையேறும். கேந்தி நட்டுப் பூ எடுக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால் ஆனியிலேயே கணக்குப் போட்டு நடுவார்கள். 2018இல் திருவோணம் ஆகஸ்ட் 25. பூ தலை நிமிர்ந்து நின்ற நேரத்தில், ஆகஸ்ட் நடுவில், கேரளத்தில் அந்தப் பெருவெள்ளம். அரசின் ஓணக் கொண்டாட்டங்கள் ரத்தாயின. ஆளையும் வீட்டையும் வெள்ளம் கொண்டுபோன இடத்தில் யார் பூக்களம் போடுவார்கள்? இங்கே பூவைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாமா இரண்டு ஏக்கரும் கேந்தி போட்டிருந்தார். செடியோடு உழுதுவிட்டார்.

அவர் செய்ததில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே யோசித்து நட்டவர் அவர். மழையை அவர் தடுத்திருக்க முடியாது. ஆனால் மறு வருஷம் அவர் செய்ததை நான் பார்த்தேன். ஒரு ஏக்கர் கேந்தி. மீதி ஏக்கரில் உள்ளூர்ச் சந்தைக்கு வெண்டையும் கத்தரியும். நாற்றுக் கடனையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 'மழை அதுபாட்டுக்கு வரும் தாயீ, நான் எம்பாட்டைப் பாக்கணும்லா' என்றார்.

தலையெழுத்தை நம்புகிறவரும் குடை எடுத்துக்கொண்டுதானே வெளியே போகிறோம்? நடப்பதில் ஒரு பங்கு நம் கையில் இல்லாதது. ஒரு பங்கு நம் கையில் உள்ளது. பதறி வாழ்கிறவர் முதல் பங்கைப் பார்த்தே நாளைக் கழித்துவிடுகிறார். இரண்டாவது பங்கு சின்னதாகத்தான் இருக்கும். அதில் கை வைத்துக்கொண்டே இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக அகலும். இதை நான் பல பேரிடம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மஞ்சப்பையிலிருந்து. உண்மையாகவே சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'பழைய ஈசிஜி இருக்கோ?' இருந்தது, வீட்டில். மூன்று வருஷத்துக்கு முன் எடுத்தது. பீரோவிலா, பரண் மேலா, அம்மாவின் டிரங்குப் பெட்டியிலா, யாருக்கும் தெரியாது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். 'சின்னதா, வெள்ளையா, ராத்திரி ஒண்ணு' என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன என் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. ஈசிஜியில் தெரிகிற மாற்றம் புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று பார்க்கப் பழையது வேண்டும் என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ராத்திரி முழுக்க நான் ஒரு காகிதத்துக்காக ஏங்கினேன்.

ஊருக்கு வந்ததும் ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றை எடுத்து வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். அதில் இருப்பவை: அப்பா, அம்மா இருவருடைய ஈசிஜி, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளின் நகல். மாத்திரைப் பெயர்களைத் தமிழில் ஒருமுறை, மருந்துச் சீட்டில் உள்ளபடி ஒருமுறை எழுதிய தாள். ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று அதிலேயே சிவப்பு மையில். ஆதார் நகல், காப்பீட்டு அட்டை நகல். ஐந்து போன் நம்பர்கள், போன் சார்ஜ் இறங்கினாலும் தெரியும்படி காகிதத்தில். ஆயிரம் ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளாக. ஒரு சார்ஜர், ஒரு துண்டு, ஒரு டார்ச். இவ்வளவையும் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஆயிற்று. குழுவில் உள்ள பெண்களிடம் நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடமும் இதுதான். மாற்றத்தை மனதிலிருந்து தொடங்கச் சொன்னால் யாருக்கும் பிடி கிடைப்பதில்லை. ஆணியும் பையும் பிடி கொடுக்கின்றன.

நெஞ்சுவலி என்றால் பையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 108, பக்கத்து ஆஸ்பத்திரி. தேட வேண்டியிராத இடத்தில் மாட்டுவதன் காரணமே அதுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் செய்ய மாட்டேன் என்கிறேனே?

எல்லாருக்கும் இருக்கும் தொந்தரவு இது. சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், அது உதவுவதில்லை.

பீட்டர் கால்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். 'இனிமேல் ஒழுங்காக இருப்பேன்' என்று முடிவெடுப்பதைவிட, 'இன்னது நடக்கும்போது இன்னதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிவெடுப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று கண்டார். 2006இல் அவரும் இன்னொருவரும் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அந்த முடிவு நின்றது. காரணம் எளிமையானது. 'எப்போது' என்ற முடிவை முன்பே எடுத்துவிட்டதால், அந்த நேரம் வந்ததும் யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

நம் வீட்டுக்கு இது எப்படி? 'சிலிண்டர் மாற்றும்போது, கை கழுவும் முன்பே அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்வேன்.' 'மாச முதல் தேதி மோட்டார் போடும்போது, தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பேன்.' 'நகையை அடகு வைத்துவிட்டு வீட்டுப் படி ஏறியதும், திருப்ப வேண்டிய தேதியை காலண்டரில் வட்டம் போடுவேன்.' இந்த மூன்றாவதை ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்த ஒரு தங்கச்சி, ஏலத்துக்குப் போகவிருந்த ஒரு ஜோடிக் கம்மலைக் காப்பாற்றினாள். அவள் அம்மா போட்ட கம்மல்.

காலண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆபீசில் இரண்டு காலண்டர் தொங்கும், தமிழ் ஒன்று, மலையாளம் ஒன்று. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். நமக்கு வேலை நாளாக இருப்பது அவர்களுக்கு லீவாக இருக்கும், லோடு போய்க் கடை வாசலில் நிற்கும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகளால் மலைப்பாதை நெரியும். வருஷத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டு மை போட்டுவிடுவேன். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு எத்தனை அழுகிய தக்காளியை மிச்சம் பிடித்திருக்கிறது என்று கணக்கில்லை.

கையில் காசு இருப்பவர்களுக்கு இதெல்லாம் சரி. அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் என்ன முன்யோசனை செய்வது?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

'ஏழைகளுக்கு முன்யோசனை கிடையாது, அதனால்தான் ஏழையாக இருக்கிறார்கள்' என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது பொய் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. கரும்புக்கு வருஷத்தில் ஒருமுறைதான் பணம் வரும். வெட்டுக்கு முன்னால் கையில் காசு வறண்டிருக்கும்போது ஒருமுறை, பணம் வந்த பிறகு ஒருமுறை, அதே ஆட்களுக்கு அறிவுத் திறனைப் பார்க்கும் சோதனைகள் வைத்தார்கள். வறண்ட நேரத்தில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்த பிறகு கூடியது. அதே மனிதர், அதே மூளை. பற்றாக்குறை மனதின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மற்றதை யோசிக்க இடம் மிஞ்சுவதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. இல்லாத நேரத்தில் திட்டம் போடாதீர்கள், போடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். கையில் காசு வந்த அன்றைக்கு, மனம் லேசாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் போடுங்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் மக்காச்சோள விவசாயிகளிடம் எஸ்தர் டஃப்ளோவும் மற்ற இரு பொருளாதார அறிஞர்களும் செய்து பார்த்ததும் இதே வழிதான். உரம் போட வேண்டும் என்று அவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஆசை இருந்தது. உரம் போடும் பருவத்தில் காசு இருக்காது. அறுவடை முடிந்த கையோடு வீட்டு வாசலுக்கே போய், உரத்துக்கான பணத்தை அப்போதே வாங்கிக்கொண்டு, பருவத்தில் இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உரம் போட்டவர்கள் கூடினார்கள்.

எங்கள் குழுவில் ஓணம் லோடு முடிந்து சுமைக்கூலி, பூப்பறிப்புக் கூலி வருகிற வாரத்தில்தான் கூட்டம் வைப்போம். ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்குச் சீட்டு அப்போதே தொடங்கும். சித்திரையில் தொடங்கினால் யாராலும் கட்ட முடியாது என்று மூன்று வருஷம் தோற்ற பிறகு கற்றுக்கொண்டோம். காசே தேவைப்படாத முன்யோசனையும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அந்த அக்கா வரும்போது 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று கதவைச் சாத்தாமல் கையை நீட்டுங்கள். ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த வலியும் காட்டாமல் ஏறும்.

வேலையில், பேச்சில் எல்லாம் சரி. கோபம் வந்துவிட்டால்?

நான் ஆபீசுக்கு வந்த முதல் வருஷம். கொல்லத்தில் ஒரு பழைய வாடிக்கையாளர், இரண்டு லோடுக்குப் பணம் பாக்கி. கேட்டு அனுப்பியதற்குப் போனில், 'சேச்சி, ஒரு அவசரம் கூடி தரணம்' என்றார். எனக்குத் தலைக்கேறியது. பாக்கி வைத்திருப்பது அவர், அவசரப்படுத்துவதும் அவரா? 'உங்க அவசரத்துக்கெல்லாம் நாங்க ஆடமுடியாது' என்று கத்திவிட்டு வைத்தேன். பக்கத்தில் இருந்த டிரைவர் அண்ணன்தான் சொன்னார், மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. அந்த மனிதர் இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்.

அன்றைக்கு நான் திருப்பிப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பணம் இரண்டு வாரத்தில் வந்தது. ஆனால் அந்த ஒரு சொல் என்னோடு தங்கிவிட்டது. கோபம் வருகிற நேரத்தில் கோபத்தை அடக்கு என்று சொல்வது, சூடேறிய பிரேக்கை இன்னும் மிதிக்கச் சொல்வது போலத்தான். அதற்கும் முன்பே கியர் போட வேண்டும். நான் வைத்துக்கொண்ட கியர் ஒரே ஒரு கேள்வி: 'நீங்க சொல்றது எனக்குச் சரியாப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க.' குரல் உயரும்போது இதைத்தான் முதலில் சொல்வேன் என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறேன். மலையாளத்தில் பேசும்போது மட்டுமல்ல, என் நாத்தனாரோடு பேசும்போதும் இது வேலை செய்கிறது. தமிழிலும் நாம் ஒருவரையொருவர் அப்படித் தவறாகக் கேட்கிறோம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை வந்தால்? பதிலைத் தட்டச்சு செய்யுங்கள், அனுப்பாதீர்கள், சோறு வடித்துவிட்டு வந்து படியுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் நான் மட்டுமே யோசிக்கிறேன். இன்னும் யோசிக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. குறைவாக யோசிக்கச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் முன்யோசனை என்ற வேலை பெண்ணின் தலையில் இருக்கிறது, அதற்குப் பெயரும் இல்லை, நன்றியும் இல்லை. அரிசி எத்தனை நாளைக்கு வரும், மாமனாருக்கு மாத்திரை எப்போது தீரும், பிள்ளைக்கு எப்போது தடுப்பூசி என்பதெல்லாம் ஒரே தலைக்குள் ஓடினால் அவள் படுத்தால் வீடே படுத்துவிடும். ஆகவே அதை வெளியே எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அடுப்படிக் கதவில் ஒரு தாள் போதும். பிறகு ஆளுக்கொரு பொறுப்பை முழுசாகக் கொடுங்கள். 'மாத்திரை வாங்கிட்டு வாங்க' என்று ஞாபகப்படுத்தி வேலை வாங்கினால், யோசிக்கிற வேலை உங்களிடமே நிற்கிறது. 'அப்பாவோட மாத்திரை இனி உங்க பொறுப்பு. எப்ப தீரும்னு பாக்குறதும் நீங்கதான்' என்று கொடுத்தால்தான் பாரம் இறங்கும். முதல் மாதம் ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோகும் என்ற பயம் இருந்தால், ஒரு அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். சொல்லிக் காட்டாதீர்கள். என் வீட்டுக்காரர் மூன்றாவது மாதத்தில் பிடித்துக்கொண்டார்.

பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

அவர்களிடம் கேளுங்கள், அதுபோதும். 'குடை எடுத்தியா?' என்று கேட்டால் குடை மட்டும் ஞாபகம் வரும். 'இன்னைக்குச் சாரல் அடிக்குது, என்னென்ன வேணும்?' என்று கேட்டால் அவனே யோசிப்பான். ஒருநாள் மறந்து நனைந்துவிட்டு வந்தால் தலையைத் துவட்டிவிடுங்கள், பாடம் நடத்தாதீர்கள்.

பலர் சேர்ந்து செய்கிற வேலையில் இதை எப்படிக் கொண்டுவருவது?

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிய ஒரு முறையை ஓணத்துக்கு முன்னால் எங்கள் ஆபீசில் செய்கிறோம். டிரைவர், லோடுமேன், நான், என் தம்பி எல்லாரும் டீயோடு உட்காருவோம். நான் சொல்வேன்: 'ஓணம் முடிஞ்சிருச்சு. நமக்குப் பெரிய நஷ்டம். ஏன் ஆச்சு? ஆளுக்கு ரெண்டு காரணம் சொல்லுங்க.' என்ன தப்பு வரலாம் என்று கேட்டால், 'அதெல்லாம் ஒண்ணும் வராது முதலாளி' என்று சொல்லிவிடுவார்கள். தப்பு நடந்துமுடிந்துவிட்டது என்று வைத்துப் பேசினால் வாய் திறக்கிறது, யாரையும் குறை சொன்ன மாதிரியும் ஆவதில்லை.

ஒருமுறை ஒவ்வொருவரும் சொன்னது: மழையில் சாலை அடைபட்டது. திடீர் ஹர்த்தால் வந்தது. (2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொன்ன பிறகு அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.) கடைசியில் உட்கார்ந்திருந்த லோடுமேன் பையன் மெதுவாக, 'பெரிய தார்ப்பாயில கிழிசல் இருக்கு அக்கா, யார்கிட்டயும் சொல்லல' என்றான். அந்த வாரமே தைத்தோம். ஓணத்தின் முதல் நாளான அத்தத்தன்று பெய்த மழையில் அந்தத் தார்ப்பாய் போட்ட வண்டியில்தான் பூ போனது.

இவ்வளவும் செய்தும் தவறிப்போனால்?

போகும். போன ஆடியில் எங்களுக்குப் போனது.

அப்பாவுக்கு மறுபடி நெஞ்சில் அழுத்தம், இரவு பதினொன்றரை மணி. அம்மா 108க்குப் போன் போட்டாள், நான் ஆணியிலிருந்து பையை எடுத்தேன். இந்த முறை பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் பழைய ஈசிஜியையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். மாத்திரைத் தாளை நர்ஸ் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார். யாரும் என்னிடம் எதையும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. நான் அப்பா பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது.

அதன் பிறகு தம்பிக்குச் சொல்லப் பார்த்தால் என் போனில் சார்ஜ் இல்லை. பையிலிருந்த சார்ஜர் பழைய போனுடையது, சேரவில்லை. நர்ஸின் போனை வாங்கி, தாளில் இருந்த ஐந்து நம்பரில் அவனுடையதைப் போட்டேன். யாரோ ஒரு அம்மா எடுத்தார். அவன் நம்பர் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை நம்பருக்குப் போட்டு, அவர் போய்க் கதவைத் தட்டி எழுப்பினார்.

ஆறாவது நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் பையைத் தரையில் கொட்டி, தம்பியின் பழைய நம்பரை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். சார்ஜரை மாற்றினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர், 'அந்த டார்ச்சையும் ஒருதடவ தட்டிப் பாரு' என்றார்.